தகவலும் எச்சரிக்கையும்: 2004 சுனாமிக் காலையில் வந்த இரண்டு அறிக்கைகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு வடசுமத்ராவின் மேற்குக் கரையருகே கடலடி நிலம் உடையத் தொடங்கியது. பதினைந்தே நிமிடத்தில், 6.44 மணிக்கு, ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் தன் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. சென்னைக் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. அறிக்கைக்கும் அலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்க கால் மணி நேரம் போதும். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அன்று வந்த அறிக்கை எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் அது. அதன் தலைப்பில் இருந்த சொல் 'இன்ஃபர்மேஷன்'. 'வார்னிங்' இல்லை. பார்வைக்கு அக்கம்பக்கமாக நிற்கும் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அந்தக் காலை காட்டியது.

அறிக்கையில் இருந்தது என்ன

முதல் அறிக்கை சிறியது. நிலநடுக்கம் நடந்த நேரம், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அளவு 8.0 ஆகியவை இருந்தன. இந்தச் செய்தி தகவலுக்காக மட்டுமே, வார்னிங்கோ வாட்ச்சோ எதுவும் நடப்பில் இல்லை என்ற வரி இருந்தது. நிலநடுக்கம் பசிபிக்குக்கு வெளியே நடந்திருக்கிறது, பழைய பதிவுகளை வைத்துப் பார்த்தால் அழிவு தரும் சுனாமிக்கான அபாயம் இல்லை என்ற மதிப்பீட்டோடு அது முடிந்தது.

ஐம்பது நிமிடம் கழித்து, 7.34 மணிக்கு, இரண்டாவது அறிக்கை வந்தது. அளவு 8.5 என்று திருத்தப்பட்டிருந்தது. 'அபாயம் இல்லை' என்ற வரியில் இந்த முறை 'பசிபிக் பகுதிக்கு' என்ற சொற்களும் சேர்ந்திருந்தன. கடைசியில் புதிதாக ஒரு வரி: நிலநடுக்க மையத்துக்கு அருகே சுனாமி ஏற்படும் வாய்ப்பு உண்டு.

அந்த வரி எழுதப்பட்டபோது சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சே நகரம் அழிந்துவிட்டிருந்தது. நிலநடுக்கம் நடந்து அரை மணி நேரத்துக்குள் அங்கே அலை ஏறிவிட்டது. மறுபுறம் இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமும், சென்னைக்கு ஒன்றரை மணி நேரமும் மீதி இருந்தன. 'மையத்துக்கு அருகே' என்ற சொற்களைப் படிக்கும் யாரும் கல்முனையையோ வேளாங்கண்ணியையோ நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் அறிக்கையை முழுக்கத் தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அளவு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது, 'அபாயம் இல்லை' என்ற வரி பசிபிக்குக்கு மட்டுமே பொருந்தியது என்பவற்றைத் தவிர, அதன் பெரும்பாலான வரிகள் உண்மைதான். நிலநடுக்கம் பசிபிக்குக்கு வெளியேதான் நடந்தது, பசிபிக்கில் அழிவு நேரவில்லை. ஆனாலும் அதை முழுக்கப் படித்த ஒருவருக்குக் கிடைக்கும் செய்தி 'நீ ஒன்றும் செய்ய வேண்டாம்' என்பதுதான்.

இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் 'இன்ஃபார்ம்' என்றால் ஒருவருக்குத் தெரியாததைத் தெரியப்படுத்துவது. 'வார்ன்' என்பதிலும் தெரியப்படுத்துதல் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் வார்ன் செய்வதற்கு ஆபத்தில் இருக்கும் ஒருவர் வேண்டும். அவர் ஏதாவது செய்தால் தப்பிக்கலாம் என்ற நிலையும் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வினையோடு 'இதைச் செய்யாதே', 'விலகி இரு' போன்ற சொற்கள் இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வரும். இன்ஃபார்மோடு அப்படி வருவதில்லை. தகவல் நிகழ்வைப் பற்றிப் பேசும், எச்சரிக்கை கேட்பவரைப் பற்றிப் பேசும்.

நம் பேச்சில் இந்த வேறுபாடு எளிதில் கலைந்துபோகிறது. 'நான் அப்பவே சொன்னேனே' என்கிறோம். சொன்னது தகவலா எச்சரிக்கையா என்று அந்த 'சொன்னேன்' காட்டிக்கொடுப்பதில்லை. அலுவலகங்களில் 'மேலிடத்துக்கு இன்ஃபார்ம் பண்ணியாச்சு' என்றால் நம் பொறுப்பு முடிந்தது என்று பொருள். 'வார்ன் பண்ணி அனுப்பிட்டாங்க' என்றாலோ காவல் நிலையத்தில் கண்டித்து விட்டார்கள் என்று பொருள். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கியபோது அதிலிருந்த கண்டிப்பை எடுத்துக்கொண்டோம். வரப்போகும் ஆபத்திலிருந்து காப்பது என்ற பகுதியை 'எச்சரிக்கை' என்ற சொல்லிடமே விட்டுவிட்டோம். இதில் தப்பொன்றும் இல்லை. பேரிடர் அறிக்கையைப் படித்துக் கீழே அனுப்புகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் இந்த எல்லை மங்கலாக இருக்கக் கூடாது.

ஹவாய் மையத்தின் நடைமுறையில் இவை வெறும் சொற்களும் அல்ல, படிநிலைகள். உச்சியில் வார்னிங். அதற்குக் கீழே வாட்ச், அதாவது கவனித்துக்கொண்டு தயாராக இருக்கச் சொல்வது. அடியில் இன்ஃபர்மேஷன். வார்னிங் என்று வந்தால் உறுப்பு நாடுகளில் கரையைக் காலி செய்யும் ஏற்பாடுகள் தொடங்க வேண்டும். இன்ஃபர்மேஷன் என்று வந்தால் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

மையத்தைக் குற்றவாளி ஆக்கலாமா?

என் பார்வையில், கூடாது. அன்று ஹவாயில் கிறிஸ்துமஸ் நாளின் பிற்பகல். பணியில் இருந்தவர்கள் நிலநடுக்கப் பதிவுகளை வேகமாகத்தான் கணக்கிட்டார்கள். முதல் சில நிமிட அலைகளை வைத்து அளவைக் கணிக்கும் முறை மிகப்பெரிய நிலநடுக்கங்களைக் குறைத்தே காட்டும். உண்மையில் அது 9.1. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் 8.0 அளவு நிலநடுக்கத்தைப் போல ஏறத்தாழ 45 மடங்கு. சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை, பிளவு ஓடியிருக்கிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை.

ஆழ்கடலில் அலையின் அழுத்தத்தை அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும் டார்ட் வகை மிதவை இந்தியப் பெருங்கடலில் அப்போது ஒன்றுகூட இல்லை. நிலநடுக்கம் நடந்தது மட்டும் தெரியும், அலை எழுந்ததா என்பது தெரியாது. அப்புறம், அதிகாரம். அந்த மையம் பசிபிக் நாடுகளுக்காக அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் 26 நாடுகள். இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அதில் இருந்தன, இந்தியாவும் இலங்கையும் இல்லை. இந்தியப் பெருங்கடலில் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்ற பட்டியலே கிடையாது. சுனாமியால் உயிரிழப்பு என்ற செய்தியை அந்த அறிவியலாளர்களே இணையச் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வார்னிங் பொய்த்துப்போனால் அதற்கு விலை உண்டு. 1986 மே மாதம் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் நடந்த நிலநடுக்கத்தை வைத்து ஹவாயில் கரையோர மக்களை வெளியேற்றினார்கள். பெரிய அலை வரவில்லை. அந்த நாளின் பொருளாதார இழப்பு பல காலம் பேசப்பட்டது. தகவல் கொடுத்தவரிடம் யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை. ஆகவே உறுதி குறைவாக இருக்கும்போது நிறுவனங்கள் இயல்பாகவே தகவல் பக்கம் சாய்கின்றன. இந்தச் சாய்வை நான் ஏற்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

தாய்லாந்தில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அந்நாட்டு வானிலைத் துறையின் முன்னாள் தலைவர் ஸ்மித் தர்மசரோஜா, அந்தமான் கடலோரத்துக்குச் சுனாமி ஆபத்து உண்டு என்று 1998லேயே சொல்லியிருந்தார். சுற்றுலாவைக் கெடுக்கிறார், பீதி கிளப்புகிறார் என்று பழி வந்ததே தவிர, யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. 2004ல் அலை வந்த காலையில் அந்தத் துறை நிலநடுக்கம் பற்றித் தகவல் சொன்னது, சுனாமி எச்சரிக்கை விடவில்லை. பேரழிவுக்குப் பிறகு எச்சரிக்கை அமைப்பை உருவாக்க ஸ்மித்தைத்தான் திரும்ப அழைத்தார்கள்.

நம் பக்கத்தில் இருந்த தகவல்கள்

இந்தியாவில் அன்று காலை எதுவுமே தெரியாமல் இல்லை. ஆறரை மணி வாக்கில் சென்னையில் பல இடங்களில் அதிர்வு உணரப்பட்டது. அடுக்குமாடிகளிலிருந்து மக்கள் கீழே இறங்கி வந்தார்கள். கட்டடம் ஆடி நின்றதோடு விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பலர் வழக்கம்போல ஞாயிறு காலை நடைக்கு மெரினாவுக்குப் போனார்கள்.

கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீவில் தண்ணீர் ஏறுகிறது என்ற செய்தி எட்டு மணியை ஒட்டியே விமானப்படைக்குக் கிடைத்ததாக அப்போதைய தளபதி பின்னர் பத்திரிகையிடம் சொன்னார். வானிலைத் துறை அனுப்பிய தொலைநகல் முந்தைய ஆட்சியின் அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் அன்றைய பத்திரிகைகள் எழுதின. அந்த முகவரிக் குழப்பத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. சரியான முகவரிக்கே போயிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. அந்தத் தாளில் இருந்தது நிலநடுக்கம் பற்றிய விவரம். கரையிலிருந்து மக்களை அகற்றுங்கள் என்ற வரி அதில் இல்லை.

கார் நிக்கோபாரில் அலை ஏறிவிட்டது என்பது அந்தக் காலையின் மிக விலைமதிப்புள்ள தகவல் என்று நினைக்கிறேன். ஹவாயில் இருந்தவர்களுக்குத் தெரியாதது அதுதான்: அலை உண்மையிலேயே எழுந்துவிட்டது. அங்கே ஏறிய அலை மேற்கே வரும், அதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று அதை நாகப்பட்டினத்தோடு முடிச்சுப்போட ஓர் ஆள், ஒரு மேசை, ஒரு விதி இருந்திருந்தால் அது அங்கேயே எச்சரிக்கையாக மாறியிருக்கும். மூன்றும் அன்று இல்லை.

கடலும் நமக்கு உதவவில்லை. தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது, விவரம் தெரிந்த சிலர் அதைப் பார்த்து ஓடித் தப்பினார்கள். பிளவின் கிழக்குப் பக்கத்தில் கடலடி தாழ்ந்ததும் மேற்குப் பக்கத்தில் உயர்ந்ததும் அதற்குக் காரணம். மேற்கே இருந்த இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் பெரும்பாலும் நீர் உயர்ந்தபடியே முதலில் வந்தது.

நல்லவாடு

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் கிராமத்தில் அன்று வேறொன்று நடந்தது. ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். இந்தோனேசியாவில் நடந்த பேரிடர் பற்றிய செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். இங்கே கரையிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்ததும், வீட்டை விட்டு வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை உதவியோடு நடந்த கிராம அறிவு மையம் இருந்தது. விடுமுறை நாள் என்பதால் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியை எடுத்து, ஓடச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. வீடுகளும் படகுகளும் நாசமாயின.

இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அதே ஒலிபெருக்கியில்தான் அன்றாடம் அலை உயரம், காற்று, மீன் நிலவரம் எல்லாம் சொல்லிவந்தார்கள். நாள்தோறும் தகவல் தந்த கருவி, ஒரு நாள் எச்சரிக்கை தந்தது. சொன்னவர்கள் ஊர்க்காரர்கள், கேட்டவர்களும் ஊர்க்காரர்கள், என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருந்தது. நிலநடுக்கத்தின் அளவு எத்தனை என்று அந்த அறிவிப்பில் இருந்திருக்காது. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

சுமத்ராவுக்கு மேற்கே இருக்கும் சிமெலுவே தீவில் இன்னும் பழைய ஏற்பாடு ஒன்று வேலை செய்தது. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. மக்கள்தொகை சுமார் 78,000. இறந்தவர்கள் ஏழு பேர். 1907ல் வந்த சுனாமியின் நினைவை 'ஸ்மோங்' என்ற சொல்லாகத் தாலாட்டிலும் கதைகளிலும் வைத்திருந்தார்கள். பெரிதாக நிலம் ஆடினால், கடல் உள்வாங்கினால், உடனே மேட்டுக்கு ஓடு. அந்தச் சொல்லைச் சொன்னாலே இவ்வளவும் கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நமக்கும் 'கடல்கோள்' என்ற பழைய சொல் உண்டு. இலக்கியம் படித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அது எப்போதோ கொண்டுபோன நிலத்தைப் பற்றிய செய்தியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. நிலம் ஆடினால் ஓடு என்ற பகுதி அதில் இல்லை. 'ஆழிப்பேரலை' 2004க்குப் பிறகுதான் பரவலானது.

அதன் பிறகு

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில், அதாவது இன்காய்ஸில், இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. அங்கே படிநிலைகள் செயலோடு கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு மீட்டருக்கு மேல் அலை எதிர்பார்க்கப்பட்டால் வார்னிங்: மக்கள் உள்நிலத்துக்கும் மேட்டுக்கும் போக வேண்டும். அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை அலர்ட்: கடற்கரையையும் தாழ்வான இடங்களையும் விட்டு விலக வேண்டும். அதற்கும் கீழே வாட்ச்: உடனடியாக ஒன்றும் செய்ய வேண்டாம், கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நிலநடுக்கத்துக்கு மிக அருகில், அலை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் இடங்களுக்கு, கடல்மட்ட அளவீட்டுக்குக் காத்திராமலேயே எச்சரிக்கை போகும்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் இதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது. சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். நிக்கோபார் பகுதிக்கு வார்னிங், கிழக்குக் கரையின் பகுதிகளுக்கு அலர்ட் என்று இன்காய்ஸ் பிரித்து அறிவித்தது. ஹவாய் மையம் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் வாட்ச் அறிவித்தது. மூன்று வேறு சொற்கள், மூன்று வேறு செயல்கள். தமிழ்ச் செய்திகளில் மூன்றும் ஒரே 'சுனாமி எச்சரிக்கை' ஆகிவிட்டன. சென்னையில் கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருந்த அலுவலகங்கள்கூடக் காலியாயின. அந்த நிலநடுக்கத்தில் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. உயிர் தப்ப ஓடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2004ஐப் பார்த்தவர்கள் அப்படித்தான் ஓடுவார்கள், ஓடவும் வேண்டும். அலர்ட்டுக்கும் வார்னிங்குக்கும் பொதுமக்கள் அறிந்த தனித்தனித் தமிழ்ச் சொல் இல்லாதது மட்டும் மனதை உறுத்துகிறது.

ஜப்பான் வேறொரு பாடம் கற்றது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் நடந்த மூன்றே நிமிடத்தில் வானிலை முகமை பெருஞ்சுனாமி எச்சரிக்கை விட்டது. அதோடு மதிப்பீடும் சொன்னது: மியாகியில் 6 மீட்டர், இவாத்தேயில் 3 மீட்டர். எச்சரிக்கை சரி. ஆனால் கூடச் சொன்ன எண் மிகக் குறைவு. மூன்று மீட்டர்தான் என்றால் நம் தடுப்புச் சுவர் தாங்கும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எண்கள் பின்னர் திருத்தப்பட்டபோது பல இடங்களில் மின்சாரம் இல்லை. 2013 மார்ச்சில் விதியை மாற்றினார்கள். மிகப்பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் அறிவிப்பில் எண் கிடையாது, 'மாபெரும்' என்ற சொல் மட்டும். ஓர் எச்சரிக்கைக்குள் நுழைந்த தகவலே அந்த எச்சரிக்கையைப் பலவீனமாக்கலாம் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹவாய் மையமும் 2014 அக்டோபர் முதல் பிற நாடுகளுக்கு வார்னிங், வாட்ச் என்று அறிவிப்பதை நிறுத்தியது. எந்தக் கரையில் எவ்வளவு அலை வரலாம் என்ற அபாய மதிப்பீட்டை மட்டும் அது கொடுக்கும், எச்சரிக்கை விடுவது அந்தந்த நாட்டின் பொறுப்பு. இந்தியப் பெருங்கடலில் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் அதே முறையில்தான் மற்ற நாடுகளுக்கு மதிப்பீடுகளை அனுப்புகின்றன. தகவல் கொடுப்பவர் யார், எச்சரிப்பவர் யார் என்று கோடு கிழித்தது நல்ல முடிவு. எச்சரிக்கும் பொறுப்பு இனி ஹவாயைத் தாண்டி டெல்லி, சென்னை, நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகம், கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்து வரை வருகிறது. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூரும் நோலியாசாஹியும் 2020ல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் பெற்றன. வெளியேறும் வழி, கூடும் இடம், ஒத்திகை எல்லாம் அங்கே ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் அது வர வேண்டும்.

இப்போது பேரிடர் அறிவிப்புகள் கைப்பேசிக்கே வருகின்றன. அவற்றை அனுப்ப உலகெங்கும் ஒரு பொது வடிவம் உண்டு, இந்தியாவும் அதைப் பின்பற்றுகிறது. அந்த வடிவத்தில் நிகழ்வின் வகை, அவசரம், தீவிரம், உறுதி ஆகிய கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதை நிரப்புவது கட்டாயம் இல்லை. சுனாமி அறிவிப்புகளுக்காவது அந்தக் கட்டத்தை இந்தியா கட்டாயமாக்க வேண்டும், தமிழ்நாட்டின் கரையோர மாவட்டங்களுக்கு அது முதலில் தமிழில் எழுதப்பட வேண்டும்.